சுவர் வரிசையின் ஆசிரியை

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கே வெயில் தகரக் கூரைகளின்மேல் ஏறி அமர்ந்துவிட்டது. கடற்காற்று இன்னும் கரையேறவில்லை. எண்ணூர்ப் பக்கத்து வானம் பழைய அலுமினியத் தட்டைப்போல மங்கிக் கிடந்தது. பேசின் பிரிட்ஜ் யார்டில் நின்ற கூட்ஸ் வண்டியின் சூடேறிய இரும்பு வாடை, வியாசர்பாடியின் அந்த மாநகராட்சி நடுநிலைப் பள்ளிக்குள் தாராளமாக வந்து போயிற்று.

எட்டாம் வகுப்பின் வாசலில், ஒரு கையில் சாக்பீசும் மறு கையில் டஸ்டருமாக ரமாபாய் நின்றார். பதினோரு மணிக்கு ஓர் அதிகாரி வருவார். வந்து, வகுப்பில் அமர்ந்திருக்கும் ரமாபாயின் மகள் எழில்மொழியிடம் ஒரேயொரு கணக்கைக் கேட்பார். அவள் விடை சொன்னால் அவளுக்கு அரசின் உறைவிடப் பள்ளியில் இடம் கிடைக்கும். தாயின் வேலை போகும். அவள் விடை சொல்லாமல் விழித்தால் தாயின் வேலை நிலைக்கும். மகளின் இடம் போகும். இரண்டில் எது என்பதை முடிவு செய்யும் பொறுப்பு, அதிகாரிக்குத் தெரியாமலே, ரமாபாயின் கைகளில் இருந்தது.

ரமாபாய் பிறந்தது குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில். தந்தை ஜெயவேல் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் பூசும் ஒப்பந்தத் தொழிலாளி. மகள் பி.எட். முடித்த அன்று, பெட்டிகளில் எண் எழுதும் மஞ்சள் பெயிண்டைச் சிறு டப்பாவில் கொண்டு வந்து, வீட்டுக் கதவில் “ரமாபாய், பி.எஸ்சி., பி.எட்., ஆசிரியை” என்று அளவெடுத்து எழுதினார். ரயில்வே பெயிண்ட் எளிதில் உதிராது. ஆசிரியர் தகுதித் தேர்வில் ரமாபாய் தேறினார்; பணி ஆணை வரவில்லை. ஜெயவேல் இறந்தார், ஆணை வரவில்லை. ரமாபாய் திருமணம் செய்துகொண்டார், மகளைப் பெற்றார், தனியார் பள்ளியொன்றில் சில ஆண்டுகளும் புடவைக் கடையின் பில் போடும் மேசையில் சில ஆண்டுகளும் கழித்தார். கதவில் மட்டும் எழுத்து மங்காமல் இருந்தது.

கீழ்வீட்டில் இட்லி சுட்டு விற்கும் தாயம்மா, அவர் படியிறங்கும்போதெல்லாம் கேட்பாள்: “இன்னா டீச்சரு, உன் பள்ளிக்கூடம் எப்பத்தான் தொறக்கப்போவுது? கதவு தொறந்துகினு கீது, பசங்களத்தான் காணோம்!” சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். ரமாபாயும் சிரிப்பார். வேறென்ன செய்வது? பதில் சொன்னால் மறுநாளும் கேட்பாள். சொல்லாவிட்டாலும் மறுநாளும் கேட்பாள்.

முப்பத்தைந்தாம் வயதில்தான் ஒரு வழி பிறந்தது. அந்த மாநகராட்சிப் பள்ளியில் காலியாயிருந்த ஓர் இடத்திற்கு, பள்ளி மேலாண்மைக் குழு அவரைத் தற்காலிக ஆசிரியையாக எடுத்துக்கொண்டது. ஆண்டுதோறும் ஏப்ரலில் குழு கூடித் தீர்மானம் எழுத வேண்டும். தலைமையாசிரியை பரிந்துரைக்க வேண்டும். எழுதாவிட்டால் ஜூனில் அவர் ஆசிரியை அல்லர். நிரந்தர ஆசிரியர்கள் ஆறு பேர். டீ சொல்லும்போது ஆறு என்றே சொல்வார்கள். ஆசிரியர் அறையில் நாற்காலிகளும் ஆறுதான். ரமாபாய் சன்னல் மேடையில் ஒண்டி அமர்ந்து நோட்டுத் திருத்துவார்.

அந்தப் பள்ளிக்கென்று ஒரு முறை இருந்தது. ஜூனில் ஒரு தேர்வு வைத்து மாணவர்களை மூன்று வரிசையாகப் பிரிப்பார்கள். நன்றாகப் படிப்பவர்கள் சன்னல் வரிசை. சுமாரானவர்கள் நடு வரிசை. எழுதப் படிக்கவும் வகுக்கவும் திணறுபவர்கள் சுவர் வரிசை. பிப்ரவரியில் மறுபடியும் தேர்வு. சுவர் வரிசையின் சராசரி எவ்வளவு ஏறியதோ, அவ்வளவுக்கு அந்தப் பள்ளி மாணவர்களிடையே கற்றல் இடைவெளியைக் குறைத்துவிட்டதாகக் கணக்கு. மண்டலத்தில் முதலிடம் பெறும் பள்ளிக்குக் கேடயம் உண்டு. எட்டாம் வகுப்பின் சுவர் வரிசையை ரமாபாயிடம் ஒப்படைத்திருந்தார்கள். யாரும் விரும்பாத வேலையைத் தற்காலிகமாக இருப்பவரிடம் தள்ளுவது உலக வழக்கம்.

சென்ற ஜூனில், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, தலைமையாசிரியை கார்குழலி அவரைத் தம் அறைக்கு அழைத்தார். கார்குழலி குரலை உயர்த்தாதவர்; உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு நேர்ந்ததில்லை.

“ரமா, உன் வரிசையில பன்னெண்டு பேரு. பிப்ரவரியில சராசரி ஏறலைன்னா, ஏப்ரல்ல உன் பேரை நான் எப்படிம்மா எழுதுவேன்?”

“ஏத்திடுவேன், மேடம்.”

“ஏழு வருஷமா ஏறாதது ஏழு மாசத்துல ஏறிடுமா? கஞ்சின்னா நாலு பருக்கையாவது மிதக்கணும். நல்லாப் படிக்கிறவங்க மூணு பேரை உன் வரிசையில சேர்த்துடு. ஜூன்ல ஒண்ணும் எழுதாம உக்காரட்டும். பிப்ரவரியில எழுதட்டும். மேல நிக்கிறவன் எங்க ஏறுவான்? கீழ நிக்கிறவனுக்குத்தான் ஏற எடமிருக்கு.”

“பெத்தவங்க சண்டைக்கு வந்துட மாட்டாங்களா, மேடம்?”

“கேட்டுப் பக்கமே தலைகாட்டாத பெத்தவங்களாப் பார்த்து ரெண்டு பேரைப் பிடிச்சு வெச்சிருக்கேன்.” கார்குழலி மேசைமேலிருந்த குண்டூசிப் பெட்டியை நேராக நகர்த்தி வைத்தார். “மூணாவதுக்கு உன் பொண்ணு இருக்கா. அவ உன் பேச்சைத் தட்டமாட்டா.”

ரமாபாய் அன்று மாலை மகளிடம் சொன்னார். பன்னிரண்டு வயது எழில்மொழிக்கு அது கொண்டாட்டமாக இருந்தது.

“நாடகமாம்மா?”

“ஆமா. என் கைல சாக்பீஸ் மட்டும் இருந்தா நீ பேசலாம். டஸ்டரத் தூக்கினேன்னா உனக்கு ஒண்ணும் தெரியாது. யாரு கேட்டாலும் தெரியாது.”

“எவ்ளோ நாளைக்கு?”

“பிப்ரவரி வரைக்கும்.”

“எனக்கு இன்னா பரிசு?”

“அம்மாவுக்கு வேலை கீதே, அதான்.”

ஜூன் தேர்வில் ரமாபாயின் கையில் டஸ்டர் இருந்தது. எழில்மொழி ஐம்பதுக்கு நான்கு மதிப்பெண் வாங்கினாள். அன்று மாலை வீட்டில் அதே வினாத்தாளை அவளிடம் கொடுத்து எழுதச் சொன்னார் ரமாபாய். நாற்பத்தாறு. சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் “மிக நன்று” என்று எழுதி, மகளிடம் காட்டிவிட்டு, அந்தத் தாளை நான்காகக் கிழித்து அடுப்பருகே போட்டார்.

“நல்லா நடிச்சேன்ல?” என்றாள் மகள்.

நாடகம் ஒரு வாரம் இனித்தது. சுவர் வரிசையில் இருப்பவர்களுக்குப் பள்ளியில் பெயர் கிடையாது. எல்லாரும் “சொவுரு”தான். இடைவேளையில் சன்னல் வரிசைப் பையன்கள் சூழ்ந்துகொண்டு கேட்பார்கள்: “ஏய் சொவுரு, உன் மேல போஸ்டர் ஒட்லாமா?” இன்னொருவன், “டேய், டீச்சரு பொண்ணே சொவுருன்னா, டீச்சரு இன்னா, காம்பவுண்டா?” என்பான். அந்த வேடிக்கை ஆசிரியர் அறைவரை சென்றது. அங்கே ஆறு நாற்காலிகளிலிருந்தும் சிரிப்பு எழுந்தது. ரமாபாய் சன்னல் மேடையில் அமர்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

சுவர் வரிசையில் எழில்மொழிக்கு அருகில் ஆன்சி என்றொரு பெண். ராயபுரத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பம். காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் தாயோடு நின்று, கூடை விலையை வாயாலேயே சொல்லத் தெரிந்தவள். தாளில் வகுத்தல் குறியைக் கண்டால் பேனாவை மூடி வைத்துவிடுபவள். ஜூனில் அவள் பெற்றது மூன்று மதிப்பெண்.

யார்டுக்குள் கூட்ஸ் வண்டி நுழையும்போதெல்லாம் வகுப்பில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது, பாடம் நிற்கும். அந்த இடைவெளியில் எழில்மொழி, டெஸ்கின் அடியில் ஆன்சிக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தாள்.

“பொட்டிய எண்ணினியா?”

“நாப்பத்தெட்டு.”

“ஒரு இன்ஜினுக்கு ஆறு பொட்டின்னா எத்தினி இன்ஜின் வோணும்?”

“எட்டு.”

“அத்தையே எழுது. அதான்டி வகுத்தல். வேற ஒண்ணும் இல்ல.”

“அட, இதுக்காடி இம்மாம் பெரிய கோடு போட்டு பேஜாரு பண்றாங்க?”

ரமாபாய் இதைக் கண்டார். காணாதவர்போல் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டு மாதங்களில் அந்த வகுப்பறையில் மெய்யாகவே குறைந்த இடைவெளி அந்த டெஸ்கின் அடியில் குறைந்தது மட்டுமே. ரமாபாய் தம்மால் இயன்றவரை எல்லாருக்கும் கற்பித்தார் என்பதும் உண்மை. ஆனால் பன்னிரண்டு பேரையும் ஏற்ற அவருக்கு நேரம் போதவில்லை. மூவரை இறக்கி வைப்பதற்கு ஒரு நாள் போதுமாயிருந்தது.

நவம்பரில் மண்டலப் பயிற்றுநர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்தார். சுவர் வரிசையைப் பார்த்து, “நானூத்தி நாப்பத்தொண்ணுக்கு வர்க்கமூலம் என்ன?” என்று பொதுவாகக் கேட்டார். ரமாபாயின் கையில் டஸ்டர் இருந்தது. எழில்மொழி அதைப் பார்க்கவில்லை. பழக்கம் அவள் வாயை முந்திக்கொண்டது.

“இருபத்தொண்ணு, சார்!”

பயிற்றுநர் மகிழ்ந்தார். வாசலில் நின்ற கார்குழலி மகிழவில்லை. ரமாபாய் இரண்டே எட்டில் மகளிடம் சென்றார்.

“யாரைப் பார்த்துச் சொன்ன? முன்னாடி இருக்கற நோட்டைப் பார்த்தியா?”

எழில்மொழி டஸ்டரைப் பார்த்தாள். பிறகு, “ஆமா டீச்சர்” என்றாள்.

பயிற்றுநர் சென்றபின், பார்த்துச் சொன்ன குற்றத்திற்காக அவளை வராந்தாவில் முழங்காலிட வைத்தார் ரமாபாய். நண்பகல் மணி அடிக்கும்வரை அவள் அங்கே இருந்தாள். நிழல் அவளைவிட்டு விலகிச் சென்றது, அவள் நகரவில்லை. வழியே போனவர்கள் “திருட்டுச் சொவுரு” என்று புதிய பட்டமொன்றைச் சூட்டினார்கள்.

மாலையில், மகளின் முழங்காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்த தாயிடம் அவள் கேட்டாள்: “யம்மா, நான் பாத்து சொல்லலன்னு உனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்ப செரி,” என்றாள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிப்ரவரிவரை அவள் சுவரோடு சுவராக இருந்தாள்.

பிப்ரவரித் தேர்வில் ரமாபாயின் கையில் சாக்பீஸ் இருந்தது. எழில்மொழி கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினாள். நாற்பத்தேழு. ஆன்சிக்கு இருபத்திரண்டு. சுவர் வரிசையின் சராசரி ஐந்திலிருந்து பத்தொன்பதாயிற்று. கேடயம் வந்தது, அதனோடு ஆசிரியர் அறைக்கு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தது. “ஏழாவது டீ!” என்று கார்குழலியே குரல் கொடுத்தார். ரமாபாய் அந்த நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். பின்பக்கம் சாய்வதற்கு அவருக்கு மூன்று நாள் பிடித்தது.

மார்ச் முதல் வாரத்தில் உறைவிடப் பள்ளிக்கான பட்டியல் வெளியாயிற்று. பிப்ரவரித் தேர்வில் நாற்பத்தைந்துக்கு மேல் பெற்ற மாணவர்களை மண்டலம் முழுவதிலிருந்தும் கணினி பொறுக்கி எடுத்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்புவரை அங்கேயே தங்கிப் படிக்கலாம். ரமாபாயின் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெயர்: எழில்மொழி செங்குட்டுவன்.

ரமாபாயின் கணவன் செங்குட்டுவன் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லரின் ஓட்டுநர். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்பதே அவனுக்குப் பாதி வாழ்க்கை. செய்தி கேட்டதும் அங்கிருந்தே போனில் கத்தினான்: “நம்ம பாப்பாவுக்கா சீட்டு? லைன்ல நிக்கிற டிரைவருங்க எல்லாத்துக்கும் டீ சொல்லிட்டேன்! பாப்பாண்ட போனக் குடு... இன்னாடா செல்லம், ஆஸ்டலுக்குப் போனா இந்த நைனாவ மறந்துடுவியா?”

“நீ எங்க நைனா வூட்ல கீற, மறக்கறதுக்கு?” என்றாள் மகள். எட்டு மாதங்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுவாரம் இன்னொரு கடிதம் வந்தது. முதல் தேர்வுக்கும் இறுதித் தேர்வுக்கும் முப்பது மதிப்பெண்ணுக்குமேல் வேறுபாடு இருந்தால், மாணவரை நேரில் சோதித்த பிறகே இடம் உறுதியாகும். இதைக் கார்குழலியும் எதிர்பார்க்கவில்லை. சுவர் வரிசையில் இறக்கி வைத்த மற்ற இருவரும் நாற்பத்தைந்தைத் தொடவில்லை. அதனால் பட்டியலில் சிக்கவில்லை. மிக நன்றாகப் படித்த பெண்ணே மாட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மாலை கார்குழலி ரமாபாயை அழைத்தார். இம்முறை அமரச் சொன்னார்.

“நாளைக்குச் சோதிக்க வர்ற அதிகாரி இக்னேஷியஸ் ஏழாங்கிளாஸ் மார்க்கையும் வாங்கிப் பார்த்திருக்காராம். போன வருஷம் நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு. ஜூன்ல அம்பதுக்கு நாலு. பிப்ரவரியில நாப்பத்தேழு. நாளைக்கு உன் பொண்ணு பதில் சொன்னான்னா என்ன அர்த்தம்? ஜூன் தாள் பொய்யின்னு அர்த்தம். அப்புறம் மத்த ரெண்டு தாளையும் எடுப்பார். கேடயம் போகும். நான் அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போறவ, எனக்கு ஒரு விளக்கக் கடிதத்தோட முடிஞ்சிடும். உனக்கு?”

“அவ பதில் சொல்லலைன்னா, மேடம்?”

“உன் பையிலிருந்த விடைக்குறிப்பைப் பார்த்து எழுதிட்டான்னு ஆகும். புள்ளைங்க செய்யறதுதான். ஏழாங்கிளாஸ்ல எல்லாருக்கும் தாராளமா மார்க் போடுவாங்கன்னு அவருக்கும் தெரியும். ஒரு பேரை அடிச்சிட்டுப் போயிடுவார்.” கார்குழலி கனிவாகவே சொன்னார். “இந்த வருஷம் இல்லைன்னா என்ன, அவ கெட்டிக்காரி, எங்க இருந்தாலும் படிச்சுக்குவா. நீ அப்படியா? வீட்டுக்குப் போனா மறுபடியும் கதவைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும்.”

செவ்வாய்க்கிழமை காலை, தலைவாரி இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது எழில்மொழி கேட்டாள்: “யம்மா, இன்னிக்கு சாக்பீஸா, டஸ்டரா?”

“அங்க வந்து பாரு.”

“சாக்பீஸுதான். எனக்குத் தெரியும்,” என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்தபடி.

பதினோரு மணிக்கு இக்னேஷியஸ் வந்தார். வெயிலில் வந்த களைப்போடு, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். நல்ல மனிதர். எழில்மொழியை அருகழைத்து, “பயப்படாதம்மா. ஒரே கணக்கு. சொல்லிட்டு நீ பெட்டி கட்டப் போகலாம்” என்றார். பிறகு கரும்பலகையில் தாமே எழுதினார்: ஓர் எண்ணின் பதினைந்து விழுக்காடு நாற்பத்தைந்து எனில், அந்த எண் யாது?

எழில்மொழி கணக்கைப் படித்தாள். அவளுடைய ஆள்காட்டி விரல் பாவாடை மடிப்பில் அசைந்தது. மூன்று, ஒரு வட்டம், இன்னொரு வட்டம். ரமாபாய் அதைக் கண்டார். அந்த அறையில் அந்த விரலைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே.

மகள் முகம் மலர்ந்து தாயை நோக்கினாள்.

ரமாபாய் சாக்பீசை மேசைமேல் வைத்தார். டஸ்டரை மார்பளவுக்கு உயர்த்தினார்.

யார்டில் ஏதோ ஒரு பெட்டி இன்னொன்றோடு மோதிக் கோக்கும் ஓசை கேட்டது. எழில்மொழி டஸ்டரையே பார்த்தாள். மலர்ச்சி அவள் முகத்தைவிட்டு மெதுவாக இறங்கியது. தாய் தவறுதலாகத் தூக்கிவிட்டாரோ, கீழே வைப்பாரோ என்று காத்திருந்தாள். ரமாபாய் கீழே வைக்கவில்லை.

“தெரியல, சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. இதைவிடக் கஷ்டமான கணக்கைத் தாள்ல போட்டிருக்கியே?”

“தெரியல, சார்.”

“அப்ப அந்தத் தாளை எப்படி எழுதின?”

அவள் டஸ்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பாத்து எழுதினேன்.”

சன்னல் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. “திருட்டுச் சொவுரு” என்று எவனோ முணுமுணுத்தான். அப்போது சுவர் ஓரத்தில் ஆன்சி எழுந்து நின்றாள். ஒன்பது மாதங்களில் யாரும் கேட்காமல் அவள் எழுந்தது அதுவே முதன்முறை.

“சார், பொய் சொல்லுது சார் அது! முன்னூறு, சார்! எனக்கே தெரியுது. எனக்குச் சொல்லிக் குட்த்ததே இந்த எழிலுதான், சார். ஆத்தாமேல ஆணையா சார்!”

“உக்காரு ஆன்சி,” என்றார் வாசலில் நின்ற கார்குழலி. குரல் உயரவில்லை. ஆன்சி அமர்ந்தாள், அமர்ந்த பிறகும் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

இக்னேஷியஸ் பேனாவைத் திறந்தார். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஆன்சியைப் பார்த்தார், எழில்மொழியைப் பார்த்தார், கடைசியாக ரமாபாயிடம் திரும்பினார்.

“டீச்சர், சின்னப் பொண்ணு பேச்சை நான் இதுல எழுத முடியாது. இந்த வரிசைக்கு ஆசிரியை நீங்க, அம்மாவும் நீங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் எழுதப்போறேன். ‘தெரியும்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம். உங்க பொண்ணுக்கு இந்தக் கணக்கு தெரியுமா, தெரியாதா?”

எழில்மொழி இப்போது டஸ்டரைப் பார்க்கவில்லை. தாயின் வாயைப் பார்த்தாள்.

“தெரியாது, சார்,” என்றார் ரமாபாய்.